பிரெஞ்சில் 98 வாங்கியவள் பிரான்சில் 5 வாங்கிய கதை

ப்ளஸ் டூவில் பிரெஞ்சில் எனக்கு 98. நூற்றுக்குத்தான். தமிழ் எடுத்திருந்தால் 85 தாண்டியிருப்பேனா தெரியாது, அதனால்தான் பதினொன்றாம் வகுப்பில் பார்ட் ஒன்னுக்கு பிரெஞ்சு எடுக்கச் சொன்னார்கள். “ஸ்கோரிங் சப்ஜெக்ட்மா” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை அப்பா அப்படியே பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷமும் நாங்கள் செய்தது இதுதான்: பாடத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதிக்கொள்வது, கேள்விக்கான பதிலை மனப்பாடம் செய்வது, வினைச்சொல் அட்டவணையை ஒப்பிப்பது. வாயைத் திறந்து பேசச் சொல்லி ஒரு நாளும் யாரும் கேட்கவில்லை, பேச்சுத் தேர்வும் கிடையாது. நம் வீட்டு பீரோ பிரெஞ்சிலிருந்து வந்த சொல், அங்கே அதற்கு மேஜை, அலுவலகம் என்று பொருள் என்று டீச்சர் சொன்ன அன்று மட்டும் வகுப்பே விழித்துக்கொண்டது நினைவிருக்கிறது. மற்றபடி 98. அந்த எண்ணை நம்பித்தான் பி.ஏ. பிரெஞ்சு சேர்ந்தேன். அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது, எவ்வளவு பணம் போனது என்று யாராவது முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை தோன்றியிருக்கிறது, அதனால் நானே எழுதுகிறேன்.

பி.ஏ. 2019இல் ஆரம்பித்தேன். முதல் வருஷம் முடியும்போது கொரோனா வந்துவிட்டது. அடுத்த ஒன்றரை வருஷம் கேமராவை அணைத்துவிட்டு, மைக்கையும் அணைத்துவிட்டு, சமையலறையில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே பதினேழாம் நூற்றாண்டு நாடகம் கேட்டேன். மொழி படிக்கிறவர்களுக்கு இதைவிட மோசமான வகுப்பு கிடையாது. செமஸ்டர் தேர்வும் வீட்டிலிருந்தே எழுதினோம், எல்லோருக்கும் நல்ல மார்க். எங்கள் செட்டில் எத்தனை பேருக்கு ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஐந்து நிமிஷம் பேசத் தெரியும் என்று கேட்டால், நேர்மையாகச் சொன்னால் ஒருத்திக்கு. அவள் வளர்ந்தது பாண்டிச்சேரியில், தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் பென்ஷன் வாங்கியவர், வீட்டிலேயே பேசுவார்கள்.

முதல் அடி டெல்ஃப் தேர்வில் விழுந்தது. தெரியாதவர்களுக்கு: மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படியாகப் பிரித்திருக்கிறார்கள். பி2 வரைக்குமான சான்றிதழ் டெல்ஃப், அதற்கு மேல் இரண்டும் டால்ஃப். பிரான்சில் பல்கலைக்கழகத்தில் சேரப் பெரும்பாலும் பி2 கேட்பார்கள். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தத்தில் 50 எடுத்தால் பாஸ். இது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 5 எடுக்க வேண்டும் என்பது. 2021 கடைசியில் எழுதினேன். படித்தலில் 21, எழுதுதலில் 20, பேசுதலில் 16 (தயார் செய்ய நேரம் கொடுப்பார்கள், அதனால் தப்பித்தேன்), கேட்டலில் 4.5. கூட்டினால் 61.5, முடிவு ஃபெயில். அரை மார்க். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதிப் பாஸானேன், இரண்டு தடவையும் சேர்த்துக் கட்டணமே சுமார் 18,000 ரூபாய்.

அந்த மூன்று மாதம் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஆர்.எஃப்.ஐ. வானொலியில் எளிய பிரெஞ்சில் தினமும் பத்து நிமிஷச் செய்தி வருகிறது, இலவசம். காலையில் ஒரு தடவை சும்மா கேட்பேன், ராத்திரி அதையே நிறுத்தி நிறுத்திக் காதில் விழுந்ததை எழுதுவேன். முதல் வாரம் ஒரு வாக்கியத்தில் பாதிதான் பிடிபட்டது. இதை பி.ஏ. முதல் வருஷமே ஆரம்பித்திருந்தால் 9,000 ரூபாய் மிச்சம். இன்னொன்று, டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, டிசிஎஃப், டெஃப் போன்ற தேர்வுகளின் மதிப்பு இரண்டு வருஷம்தான். எங்கே, எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பயத்தில் இரண்டுக்கும் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது பெரிய பணம். நேராக மூன்றாம் வருஷத்தில், அவர்கள் கணக்கில் எல்3, நவீன இலக்கியம் படிக்க இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்தது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2019 முதல் பிரான்சில் தனிக் கட்டணம்: நான் சேர்ந்தபோது இளங்கலைக்கு வருஷம் 2,770 யூரோ. அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்போது 170 யூரோதான். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்தக் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து 170 மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தன. எனக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று அப்படிப்பட்டது, சின்ன ஊர், பெயர் யாருக்கும் தெரியாது. இன்னொன்று பெரிய ஊர், சொன்னால் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். யூரோ அப்போது சுமார் 80 ரூபாய். பெருமைக்கு நான் கட்டிய விலை 2,08,000 ரூபாய். அப்பா இன்றைக்கும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, எனக்குத்தான் ஒவ்வொரு மாதம் கடன் கட்டும்போதும் உறுத்துகிறது. கட்டண விதி வருஷத்துக்கு வருஷம் மாறும், விண்ணப்பிக்கும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டுத் தள்ளுபடி உண்டா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். இதற்கு மேல் விசாவுக்காக அப்போது மாதம் 615 யூரோ வீதம் பன்னிரண்டு மாதத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது, அது 7,380 யூரோ. மாணவர் நலக் கட்டணம் என்று ஒன்று, அந்த வருஷம் 95 யூரோ, அதைக் கட்டிய ரசீது இல்லாமல் சேர்க்கையே நடக்காது.

2022 செப்டம்பரில் போய் இறங்கினேன். முதல் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது “மதாம் முருகேசன்” என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், அப்பா எங்கே என்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர்தானே இருக்கும், அதன் பிறகு வருஷம் முழுக்க நான் முருகேசன்தான். சரி, அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது பேச்சு. நான் படித்த பிரெஞ்சில் “எனக்குத் தெரியாது” என்பது “ஜ ந செ பா”. அங்கே எல்லோரும் சொல்வது “ஷே பா”. “இல் யா” என்று படித்தது வெறும் “யா”. எதிர்மறைக்குப் போடும் “ந” பேச்சில் காணாமல் போய்விடுகிறது, இளவட்டங்கள் சொல்லின் அசைகளைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டுப் பேசுவது வேறு. கேண்டீனில் 3.30 யூரோ சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, பக்கத்தில் எல்லோரும் சிரிக்கும்போது நானும் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பேன். நவம்பர் வரை அப்படித்தான். ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு லாபம்: நீ, நீங்கள் வித்தியாசம். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் “து”, “வு” என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது எனக்கு அது ரத்தத்திலேயே இருந்தது. ஒரே சிக்கல், ஐம்பது வயசு சக மாணவி ஒருவர் தன்னை நீ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தார். எனக்கு வாயே வரவில்லை.

இப்போது அந்த 5 மார்க் கதை. அக்டோபரில் முதல் திஸெர்தாசியோன். பெயரைப் பார்த்து ஆய்வேடு என்று நினைத்துவிடாதீர்கள், இது நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதும் கட்டுரை. ஒரு விமரிசகர் சொன்ன வாக்கியத்தைக் கொடுத்து, படித்த நூல்களை வைத்து விவாதிக்கச் சொல்வார்கள். எங்களுக்கு வந்தது நாவலின் நாயகன் வாசகர் மெச்சத் தக்கவனாக இருந்தாக வேண்டுமா என்ற மாதிரி ஒன்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் ஊர்ப் பழக்கத்தில் ஆசிரியர் குறிப்பு, பிறப்பு, இறப்பு, எழுதிய நூல்கள் என்று தொடங்கினேன். சைடு ஹெட்டிங் போட்டேன். ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். ஒவ்வொரு நாவலின் கதையையும் அழகாகச் சுருக்கி எழுதினேன், எட்டுப் பக்கம். எழுதி முடித்து வெளியே வந்தபோது சந்தோஷமாகவே இருந்தேன், மற்றவர்கள் ஐந்து பக்கம்தான் எழுதியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் தாள் வந்தது. இருபதுக்கு 5. ஓரத்தில் சிவப்பு மையில் நான்கு இடத்தில் “ஓர் சுஜே”, கேள்விக்கு வெளியே என்று. இலக்கணப் பிழைக்காகக் குறைத்தது கொஞ்சம்தான், அதுதான் என்னை இன்னும் அதிகம் குழப்பியது. மொழி சரி, அப்புறம் எதற்கு 5?

பக்கத்தில் உட்காரும் பெண் ஒருத்திதான் தன் தாளைக் காட்டி விளக்கினாள். அவளுக்கு 12. அங்கே பிள்ளைகள் பள்ளியிலேயே இந்த வடிவத்தைப் பழகிவிடுகிறார்கள், அதனால் பல்கலைக்கழகத்தில் யாரும் அடிப்படையிலிருந்து சொல்லித் தருவதில்லை. முன்னுரையிலேயே கொடுத்த வாக்கியத்தை உடைத்து அதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வியை வெளியே எடுக்க வேண்டும், அதற்குப் பெயர் ப்ரொப்லெமாதீக். அதற்குப் பதில் தேடி மூன்று பகுதியாகப் போகப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். முதல் பகுதி அந்த விமரிசகர் சொல்வதில் உள்ள நியாயம், இரண்டாவது அதன் ஓட்டை, மூன்றாவதில் இரண்டையும் தாண்டி ஒரு இடத்துக்குப் போக வேண்டும். இரண்டும் சரிதான் என்று தலையாட்டினால் போதாது, அந்த மூன்றாவது பகுதியில்தான் மார்க் இருக்கிறது. தலைப்பு, எண், அடிக்கோடு எதுவும் கூடாது, பத்திகளே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். நாவலின் கதை எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு, வாதத்துக்குத் தேவையான காட்சியை மட்டும் இரண்டு வரியில் தொட வேண்டும். இதை ஒரு மணி நேரம் யாராவது சென்னையில் சொல்லித் தந்திருந்தால் போதும். மூன்று வருஷ பி.ஏ.வில் இந்தச் சொல்லையே நான் கேள்விப்படவில்லை.

இன்னொரு வகை, ஒரு கவிதையோ பத்தியோ கொடுத்து விளக்கச் சொல்வது. அதில் எனக்கு ஓரத்தில் வந்த சொல் “பராஃப்ரேஸ்”. பாட்டு சொன்னதையே நான் வேறு சொற்களில் திரும்பச் சொல்லியிருக்கிறேன் என்று பொருள். யோசித்துப் பார்த்தால் அது பொழிப்புரை! பத்தாம் வகுப்பு வரை செய்யுளுக்குப் பொருள் எழுது என்றால் அதைத்தானே எழுதி முழு மார்க் வாங்கினோம். அங்கே பொழிப்புரைக்குப் பூஜ்யம். கவி ஏன் இந்த இடத்தில் நிகழ்காலத்துக்கு மாறினார், வாக்கியம் ஏன் வரியின் முடிவில் முடியாமல் அடுத்த வரிக்கு வழிகிறது, இந்தச் சொல்லை ஏன் மூன்று தடவை போட்டார், அதனால் நமக்கு என்ன ஆகிறது, இதுதான் கேள்வி. இதைப் புரிந்துகொண்ட பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. பிரெஞ்சு யாப்பில் பன்னிரண்டு அசை கொண்ட வரி ஒன்று உண்டு, அலெக்சாந்திரேன், ஆறாவது அசைக்குப் பிறகு ஒரு நிறுத்தம். பேச்சில் விழுங்கிவிடும் “எ” என்ற எழுத்து, செய்யுளில் மெய்யெழுத்துக்கு முன்னால் வந்தால் ஒரு அசையாக எண்ணப்படும், வரிக் கடைசியில் வந்தால் கணக்கில் சேராது. பேச்சில் “பெதித்” என்று இரண்டு அசையாக வருவது பாட்டில் “பெ-தி-த” என்று மூன்றாகிவிடும். பிரெஞ்சுப் பிள்ளைகளே விரல்விட்டு எண்ணித் திணறினார்கள். எனக்குப் பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு வாய்பாடு சொன்ன பழக்கம் கைகொடுத்தது. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று எங்கள் தமிழய்யா பிரம்போடு நின்று சொல்லவைத்தது ஒரு பிரெஞ்சு வகுப்பில் உதவும் என்று அவரே நம்பியிருக்க மாட்டார். மார்க்குக்காகக் கைவிட்ட தமிழ்தான் அந்தப் பேப்பரில் எனக்கு 11 வாங்கிக் கொடுத்தது.

இரண்டாம் அரையாண்டில் பிரெஞ்சு பேசும் பிற நாடுகளின் இலக்கியம். நான் மொத்தப் படிப்பிலும் ஆசையாக உட்கார்ந்தது இந்த வகுப்பில்தான். பிரெஞ்சு என்றால் ஈஃபில் கோபுரம், வாசனைத் திரவியம் என்று இருந்த என் மண்டையில் செனகல், மார்த்தினீக், அல்ஜீரியா எல்லாம் வந்து உட்கார்ந்தன. கவிஞரும் செனகலின் முதல் அதிபருமான செங்கோர் 1983இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வானார், அல்ஜீரிய எழுத்தாளர் ஆசியா ஜெபார் 2005இல். ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த கூருமா தன் தாய்மொழி மாலிங்கேயின் வாக்கியப் போக்கை வைத்தே பிரெஞ்சை வளைத்து எழுதினார். அவருடைய முதல் நாவலைப் பாரிஸ் பதிப்பகங்கள் வேண்டாம் என்றன, 1968இல் அது கனடாவில் மோன்ரியாலில்தான் முதலில் வந்தது. இதைக் கேட்டதும் எனக்கு ஒரே உற்சாகம், நானும் தமிழ் வாடையோடு எழுதலாம் போலிருக்கிறதே என்று. “அவர் செய்தால் நடை, நீ செய்தால் பிழை” என்றாள் அந்தப் பக்கத்து இருக்கைப் பெண். சரிதான்.

அதே வகுப்பில், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். வருகைப் பதிவில் அவன் குடும்பப் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் பத்துத் தடவை கேட்ட பிறகுதான் அது காளிமுத்து என்று எனக்கு உறைத்தது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் பாட்டி ஊரில் தீமிதி உண்டு என்றான், அங்கே அவர்களை மல்பார் என்கிறார்கள். பிரான்ஸ் 1848இல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றி ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பற்றி வகுப்பின் முன்னால் இருபது நிமிஷம் பேசினோம். 14 கிடைத்தது. அப்பாவிடம் சொன்னேன், “எழுபது பர்சென்ட்தானா?” என்றார். இருபதுக்கு 14 என்றால் அங்கே “நன்று”, 16இலிருந்து “மிக நன்று”, 20 என்பது எட்டாக்கனி, 10 எடுத்தால் பாஸ். இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒவ்வொரு போனிலும் விளக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அந்த 14 வருவதற்கு முன்பு ஜனவரி வந்தது. முதல் அரையாண்டுச் சராசரி 7.9. நான் நேராக டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன், ஊருக்குத் திரும்ப. ஒன்பது நாள் வகுப்புக்குப் போகவில்லை. பிறகுதான் அலுவலகத்தில் ஒரு அம்மா, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, விதிமுறைத் தாளை எடுத்து வைத்து விளக்கினார்: எங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டு அரையாண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும், வருஷச் சராசரி 10 வந்தால் போதும். அதாவது அடுத்ததில் 12.1 எடுத்தால் பாஸ். அதுவும் தவறினால் ஜூனில் மறுதேர்வு உண்டு. ஆனால் சிறு குழு வகுப்புகளில் காரணமில்லாமல் மூன்று முறை வராவிட்டால் தேர்வு எழுதாதவர் கணக்கில் போட்டுவிடுவார்கள், சராசரியே போடமாட்டார்கள். நான் அந்த ஒன்பது நாளில் ஒரு வகுப்பில் இரண்டு முறை தவறவிட்டிருந்தேன்! இந்தத் தாள் சேரும்போதே மெயிலில் வந்த ஒன்று, நாற்பது பக்கம், நான் திறக்கவே இல்லை. இரண்டாவதில் 11.3 எடுத்தேன், சராசரி 9.6, ஜூனில் இரண்டு பேப்பர் மறுபடி எழுதி 10.3இல் கரையேறினேன். மே மாதத்துக்குப் போட்டிருந்த விமான டிக்கெட் வீண், மாற்றியதில் 22,000 ரூபாய் போனது. திரும்பும் டிக்கெட்டை ஜூலைக்கு முந்தைய தேதிக்குப் போடாதீர்கள்.

இப்போது சென்னையில் பி.ஏ. பிரெஞ்சு படிக்கிறவர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், என்ன செய்வது என்று. செய்தி கேட்பதைச் சொல்லிவிட்டேன். அதோடு வாரம் ஒரு பத்தியை எடுத்து, என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு எப்படிச் சொல்கிறது என்று மட்டும் அரைப் பக்கம் எழுதிப் பழகுங்கள். நாவல்களில் வரும் பாஸே சேம்ப்ல் என்ற இறந்தகால வடிவம் பேச்சில் வராது என்று வகுப்பில் தள்ளிவிடுவார்கள், தள்ளாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான், நான் முதல் மாதம் “ஃப்யூ”வுக்கும் (இருந்தான்) “வேன்”னுக்கும் (வந்தான்) அகராதி புரட்டிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு, உங்கள் செட்டிலேயே ஒருவரைப் பிடித்து தினம் கால் மணி நேரம், தப்பும் தவறுமாகப் பேசுங்கள், வெட்கம் இங்கேயே செலவாகிவிட்டால் அங்கே மிச்சப்படும். இலக்கியம் பிடிக்கவில்லை, வேலைக்காகத்தான் மொழி என்றால் நேராக பி.ஏ.வை விட்டுவிட்டு வேறு பட்டத்தோடு சாயங்கால வகுப்பில் பி2 முடிக்கலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. நான் இப்போது ஒரு நிறுவனத்தில் பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலையில் இருக்கிறேன், அங்கே யாரும் அலெக்சாந்திரேன் பற்றிக் கேட்டதில்லை.

ஒன்று விட்டுப்போய்விட்டது. போக நினைக்கிறவர்கள் இன்றைக்கே உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து, அப்பா அம்மா பெயர் இரண்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அங்கே மருத்துவக் காப்பீட்டுக்கு அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைக் கேட்டார்கள், வாடகை உதவித்தொகைக்கும் கேட்டார்கள். அப்போது உதவித்தொகை விண்ணப்பித்த பிறகுதான் கணக்கில் வந்தது, அதற்கு முந்தைய மாதங்களுக்குக் கிடைக்கவில்லை. என்னுடையதில் அம்மா பெயர் செல்வி, பாஸ்போர்ட்டில் தமிழ்ச்செல்வி. ஊரில் அதைத் திருத்த அப்பா நான்கு மாதம் அலைந்தார், நான் ஜனவரி கடைசியில்தான் விண்ணப்பிக்கவே முடிந்தது.